எல்லாப் பனிக்கும் ஒரே கட்டை: பனிச்சறுக்கு ஸ்கீயின் வரலாறும் குல்மார்க்கும்

பனிச்சறுக்குக் கட்டை அல்லது ஸ்கீ என்பது, பனி மூடிய நிலத்தில் கால் புதையாமல் நடக்கவும் சரிவில் வழுக்கி இறங்கவும் காலணியோடு சேர்த்துப் பூட்டிக்கொள்ளும் நீளமான, மெல்லிய கட்டை. வட ஐரோப்பாவிலும் நடு ஆசியாவிலும் இது பல ஆயிரம் ஆண்டுகளாக வழக்கில் உள்ளது. இந்தியாவில் இதன் வரலாறு, காஷ்மீரின் குல்மார்க்கில் 1927ஆம் ஆண்டு அமைந்த ஸ்கீ கிளப் ஆஃப் இந்தியாவிலிருந்து பேசப்படுகிறது. இன்று கடைகளில் 'ஆல் மவுண்டன்' என்ற பெயரோடு விற்கப்படும் பொதுவகை ஸ்கீ, எந்தப் பனியிலும் எந்தச் சரிவிலும் ஓரளவு ஈடுகொடுக்கும் என்பதற்காகச் செய்யப்பட்டது. அந்த 'ஓரளவு' என்ற சொல்லுக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. ஒவ்வொரு காலத்திலும் ஏதோ ஒரு பனி, அதுவரை நல்லதென்று நம்பப்பட்ட கட்டையைத் தோற்கடித்தது. அடுத்த கட்டை அந்தத் தோல்வியிலிருந்துதான் வந்தது.

பனியின் வகைகள்

தமிழில் பனி என்ற ஒரே சொல் பல வேலைகளைச் செய்கிறது. செஞ்சியில் மார்கழி விடியற்காலையில் ராஜகிரியின் உச்சி தெரியாமல் மூடிக்கிடப்பதும் பனி. புல்நுனியில் நிற்கும் துளியும் பனி. இமயமலையில் ஆள் உயரத்துக்குக் குவிவதும் பனி. முன்பனி, பின்பனி என்று இரண்டு பருவங்களுக்குப் பெயர் வைத்த மொழியில், வானத்திலிருந்து விழும் வெண்பனிக்கு வகைபிரித்த பெயர்கள் வழங்காததற்குக் காரணம் எளிது. அது இங்கே விழுவதில்லை. ஸ்கீயைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் முதலில் இந்த வகைகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

காற்றில்லாத குளிர்நாளில் புதிதாக விழுந்து, கலையாமல் கிடப்பது தூள்பனி. அதன் பருமனில் பத்தில் ஒன்பது பங்கு காற்றாகவே இருக்கும். காலை வைத்தால் இடுப்பு வரைகூட இறங்கும். பகல் வெயிலில் மேற்பரப்பு மட்டும் உருகி, இரவில் மீண்டும் உறைந்தால் மேலே ஓடும் அடியில் தூளுமாக நிற்கும். இந்த ஓட்டுப்பனிதான் சறுக்குவோருக்குப் பெரும் தொல்லை. தாங்கும் என்று நம்பி நகரும்போது திடீரென உடையும். வசந்தகாலத்தில் பலமுறை உருகி உறைந்து, கற்கண்டுத் தூள்போல மணிமணியாக ஆவது ஈரப்பனி. விளையாட்டுப் பாதைகளில் இயந்திரம் ஓட்டி அழுத்திச் சமப்படுத்துவது பாதைப்பனி. எல்லாவற்றுக்கும் கடைசியில், கண்ணாடிபோல இறுகிய பனிக்கட்டி.

இவை வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு மாதத்தில் கிடப்பவை என்று எண்ணிவிடக்கூடாது. ஒரே மலையில், ஒரே நாளில், வெயில்படும் சரிவில் ஒன்றும் நிழல் சரிவில் இன்னொன்றும் இருக்கும். செஞ்சிக் கோட்டைப் பாறைகளில் ஏறிப் பழகியவர்களுக்கு இது விளங்காத செய்தி அல்ல. காய்ந்த கருங்கல் பாறையில் வெறுங்காலோடு ஓடி ஏறும் பிள்ளைகள், அதே பாறை ஐப்பசி மழையில் நனைந்து பாசி பிடித்திருக்கும்போது படிக்கட்டைவிட்டு விலகமாட்டார்கள். பாறை மாறவில்லை. பிடிப்பு மாறிவிட்டது.

புதையாமல் நிற்பது எப்படி

ஸ்கீ செய்யும் வேலைகள் மூன்று: புதையாமல் மிதப்பது, தடையில்லாமல் வழுக்குவது, வேண்டிய இடத்தில் பிடித்துக்கொள்வது. இவற்றில் முதலாவது வேலையை நெல்வயலிலேயே பார்க்கலாம். நாற்று நடுவதற்கு முன் சேற்றைச் சமப்படுத்தப் பரம்பு அடிக்கும்போது, உழவர் பரம்புப் பலகையின்மேல் ஏறி நிற்பார். மாடுகள் இழுத்துச் செல்லும். அதே சேற்றில் இறங்கி நின்றால் அவருடைய கால் முழங்கால்வரை புதையும். பலகையின்மேல் நிற்கும்போது புதைவதில்லை. எடை அதேதான், அது பரவும் பரப்புதான் கூடியிருக்கிறது.

ஒரு சிறு கணக்குப் போட்டால் அளவும் தெரிந்துவிடும். 60 கிலோ எடையுள்ள ஒருவரின் இரண்டு காலணி அடிப்பரப்பும் சேர்ந்து சுமார் 400 சதுர சென்டிமீட்டர் என்று கொண்டால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் 150 கிராம் எடை அழுத்துகிறது. 170 சென்டிமீட்டர் நீளமும் சராசரி 9 சென்டிமீட்டர் அகலமும் உள்ள இரண்டு ஸ்கீகளின் பரப்பு 3,060 சதுர சென்டிமீட்டர். அதே ஆள் அவற்றின்மேல் நின்றால் அழுத்தம் 20 கிராமுக்குக் கீழே வந்துவிடுகிறது. ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு.

அப்படியானால் கட்டையை இன்னும் அகலமாக, இன்னும் நீளமாகச் செய்துவிட்டால் போதாதா? தூள்பனியில் மட்டும் வாழ்வதானால் போதும். ஆனால் அகலக் கட்டை இறுகிய பனியில் விளிம்பு ஊன்றாது. நீளக் கட்டை மரங்களுக்கிடையே திரும்பாது. மிதப்பதற்கு வேண்டியதும் பிடிப்பதற்கு வேண்டியதும் ஒன்றுக்கொன்று எதிரானவை. பிற்காலத்தில் ஸ்கீயில் நடந்த எல்லா மாற்றங்களும் இந்த வழக்கின் தீர்ப்புகள்தாம். மேல்முறையீடு இன்னும் முடியவில்லை.

வேட்டைக்காரர்களின் கட்டைகள்

வட ரஷ்யாவில் சிந்தோர் ஏரிக்கு அருகே சதுப்பு நிலத்தில் கிடைத்த ஸ்கீத் துண்டுகள் ஏறத்தாழ 8,000 ஆண்டுகள் பழமையானவை என்று கணிக்கப்பட்டுள்ளன. அவற்றில் ஒன்றின் முன்பகுதியின் அடியில் எல்க் என்னும் பெருமானின் தலை செதுக்கப்பட்டிருக்கிறது. அது வெறும் அழகுக்கு வைத்தது அல்ல. சரிவில் ஏறும்போது கட்டை பின்னால் வழுக்காமல் பனியில் ஊன்றிக்கொள்ளும் தடுப்பாகவும் அது பயன்பட்டிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். சுவீடனில் கால்வ்த்ரெஸ்க் என்ற ஊரில் 1924இல் கிடைத்த ஸ்கீ 5,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்டது.

நார்வேயில் டிகர்வார்டன் மலையின் பனித்திட்டு உருகியபோது 2014இல் ஒரு ஸ்கீ வெளிப்பட்டது. அதன் இணை கிடைக்க ஏழு ஆண்டுகள் ஆயின. 2021இல் அதே இடத்தில் சில மீட்டர் தொலைவில் இரண்டாவது கிடைத்தது. 187 சென்டிமீட்டர் நீளம், 17 சென்டிமீட்டர் அகலம், கால் பூட்டும் கட்டும் அப்படியே இருந்தது. வயது சுமார் 1,300 ஆண்டுகள். இரண்டும் அச்சில் வார்த்ததுபோல ஒன்றாக இல்லை. பலமுறை பழுதுபார்க்கப்பட்ட அடையாளங்களும் உண்டு. வண்டிச்சக்கரத்துக்கு ஆரக்கால் மாற்றி மாற்றி ஓட்டுவதுபோல, உடைந்ததை மாற்றிக்கொண்டே பயன்படுத்தியிருக்கிறார்கள்.

இதைவிட வியப்பானது ஸ்காண்டிநேவியாவில் நெடுங்காலம் வழங்கிய சமமற்ற இணை. ஒரு காலில் மூன்று மீட்டர்வரை நீண்ட, வழவழப்பான கட்டை. மறுகாலில் அதைவிடக் குட்டையாக, அடியில் விலங்குத் தோல் ஒட்டிய கட்டை. நீண்டது வழுக்குவதற்கு, குட்டையானது உதைத்துத் தள்ளுவதற்கு. தோலின் மயிர் பின்னோக்கிப் படிந்திருக்கும். முன்னே போகும்போது வழுக்கும், பின்னே தள்ளும்போது சிலிர்த்துப் பனியைப் பிடிக்கும். பூனையின் முதுகை இரண்டு திசையிலும் தடவிப் பார்த்தவர்களுக்கு இந்த நுட்பம் புரியும். நார்வேயின் ஸ்கீப் படைப்பிரிவுகள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை இத்தகைய இணைகளைப் பயன்படுத்தின. ஒரே கட்டை எல்லா வேலையையும் செய்யவேண்டும் என்ற பிடிவாதம் அந்த மக்களிடம் இல்லை. இரண்டு வேலைக்கு இரண்டு கட்டை, அதுவும் ஒரே ஆளின் இரண்டு கால்களில்!

சீனாவின் அல்தாய் மலைப்பகுதியில் இன்றும் முதியவர்கள் குதிரைத்தோல் ஒட்டிய அகலமான மரக்கட்டைகளில், கையில் ஒற்றைக் கோலோடு, ஆழ்ந்த தூள்பனியில் செல்கிறார்கள். அங்கே பனி அவ்வளவாக மாறுவதில்லை, கட்டையும் மாறவில்லை.

டெலிமார்க்கிலிருந்து ஆல்ப்ஸ் வரை

விளையாட்டு ஸ்கீயின் தந்தை என்று போற்றப்படுபவர் நார்வேயின் டெலிமார்க் பகுதியில் மோர்கெடால் ஊரைச் சேர்ந்த சோந்ரே நூர்ஹைம் (1825–1897). ஏழைக் குடியானவர். அவருக்கு முன் கால்விரல் பகுதியில் மட்டும் ஒரு வார் இருக்கும். குதித்தால் கட்டை கழன்றுவிடும். அவர் முறுக்கிய மரக்கொடியால் குதிகாலையும் சுற்றிக் கட்டினார். கட்டையின் நடுவைக் குறுக்கி, இரு முனைகளையும் சற்று அகலமாக விட்டார். உடுக்கையின் இடைபோன்ற இந்தப் பக்கவளைவுதான் ஸ்கீ தானே திரும்புவதற்கு அடிப்படை. 1868இல் தலைநகர் கிறிஸ்தியானியாவில் நடந்த போட்டியில், நாற்பதைக் கடந்த வயதில், இளைஞர்களை வென்று காட்டினார். பிறகு 1884இல் அமெரிக்காவில் குடியேறி, மலையே இல்லாத வடக்கு டகோட்டாச் சமவெளியில் இறந்தார்.

1888இல் ஃபிரித்யோஃப் நான்சனும் ஐந்து தோழர்களும் ஸ்கீயில் கிரீன்லாந்தைக் குறுக்கே கடந்தனர். அதைப் பற்றி அவர் எழுதிய நூல் ஐரோப்பா முழுவதும் ஸ்கீ ஆசையை மூட்டியது. அதைப் படித்து நார்வேயிலிருந்து கட்டை வரவழைத்தவர்களில் ஒருவர் ஆஸ்திரியாவின் லிலியன்ஃபெல்டில் வாழ்ந்த மத்தியாஸ் ஸ்தார்ஸ்கி (1856–1940). வந்த கட்டை ஏறத்தாழ மூன்று மீட்டர் நீளம். நார்வேயின் நீண்ட, சாய்வு குறைந்த மேடுகளுக்கு ஏற்றது. ஆல்ப்ஸின் செங்குத்தான காட்டுச் சரிவில் அதை வைத்துக்கொண்டு திரும்பவே முடியவில்லை.

ஸ்தார்ஸ்கி கட்டையை வெட்டிக் குறைத்தார். நேராக ஓடுவதற்காக அடியில் செதுக்கியிருந்த பள்ளத்தை நீக்கினார். குதிகால் பக்கவாட்டில் ஆடாத உலோகப் பூட்டு ஒன்றை உருவாக்கினார். 1896இல் வெளிவந்த அவருடைய நூல் செங்குத்துச் சரிவில் கட்டையைத் திருப்பி இறங்கும் முறையை வகுத்துச் சொன்னது. நார்வே மரபினர் இதை ஏற்கவில்லை. கடும் வாக்குவாதம் நடந்தது. இன்று பார்க்கும்போது இரு தரப்பும் தத்தம் மலைக்குச் சரியாகவே பேசியிருப்பது தெரிகிறது. ஒவ்வொருவரும் தம் ஊர்ப் பனியை உலகப் பனி என்று எண்ணியதுதான் சண்டைக்குக் காரணம். ஸ்தார்ஸ்கி முதல் உலகப் போரில் மலைப்படைகளுக்குப் பயிற்சி அளித்தார். 1916இல் பனிச்சரிவில் சிக்கிய வீரர்களை மீட்கச் சென்றபோது அவரையே இன்னொரு பனிச்சரிவு அடித்தது. எண்பது அளவில் எலும்பு முறிவுகள். பிழைத்தார், மெல்ல மீண்டும் சறுக்கவும் கற்றார்.

மரக்கட்டைக்கு இறுகிய பனியில் ஒரு குறை உண்டு. விளிம்பு தேய்ந்து மழுங்கிவிடும், பிடிக்காது. சால்ஸ்பர்க்கைச் சேர்ந்த ரூடால்ஃப் லெட்னர் 1920களில் மரத்தின் விளிம்பில் சிறு எஃகுப் பட்டைகளைத் திருகி இந்தக் குறையைத் தீர்த்தார். பார்வைக்கு அற்பமான மாற்றம். ஆனால் பனிக்கட்டியில் துணிந்து இறங்க அதுதான் வழிவிட்டது. பின்னர் அமெரிக்க விமானத் தொழிற்சாலையில் பணிபுரிந்த ஹோவர்ட் ஹெட், விமானத்துக்குப் பயன்படும் அலுமினியத் தகடுகளுக்கிடையே ஒட்டுப்பலகையை வைத்து அழுத்திய ஸ்கீயை 1950இல் கொண்டுவந்தார். அதற்குமுன் அவர் செய்த மாதிரிகள் வரிசையாக உடைந்தன. 1960களில் கண்ணாடியிழை வந்தது.

குல்மார்க்

குல்மார்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் உள்ள புல்வெளி. அதற்குமேல் கிலன்மார்க், அதற்கும்மேல் 4,000 மீட்டரைத் தாண்டும் அஃபர்வத் மலை. ஆங்கிலேயர் கோடையில் தங்கும் இடமாக இதைப் பயன்படுத்தினர். 1927இல் ஆங்கிலேய அதிகாரிகள் ஸ்கீ கிளப் ஆஃப் இந்தியாவைத் தொடங்கியபோது மேலே இழுத்துச் செல்லும் கம்பிவடம் எதுவும் கிடையாது. ஒரு முறை சறுக்க வேண்டுமானால் மணிக்கணக்கில் ஏறவேண்டும். ஆகவே அவர்களுக்கு ஏறவும் இறங்கவும் ஒரே கட்டை உதவவேண்டியிருந்தது. ஏறும்போது அடியில் தோல்பட்டை கட்டி, உச்சியில் அதை அவிழ்த்துச் சுருட்டிக்கொள்வது ஐரோப்பிய மலையேறிகள் கண்ட வழி. பழைய சமமற்ற இணையின் குட்டைக் கட்டைதான் இப்படிக் கழற்றி மாட்டும் தோலாக மறுபிறவி எடுத்தது. இன்று விலங்குத் தோலுக்குப் பதில் ஆட்டுமயிரும் நைலானும் கலந்த பட்டை, வேலை அதேதான்.

விடுதலைக்குப்பின் விளையாட்டு போர்த்தேவையாயிற்று. 1948 நவம்பர் 1 அன்று, ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள சோஜிலா கணவாயை இந்தியப் படை டாங்குகளோடு தாக்கிக் கைப்பற்றியது. அவ்வளவு உயரத்தில் டாங்குகள் வரும் என்று எதிரி எண்ணியிருக்கவில்லை. அந்தக் கோவேறு கழுதைப் பாதையை டாங்கு செல்லும் பாதையாக அகலப்படுத்தியவர்கள் மதராஸ் சாப்பர்ஸ் படையினர். படைக்குள் 'தம்பி' என்றே அழைக்கப்படும் அந்த வீரர்களில் தமிழர் பலர். பனியையே பார்த்திராத ஊர்களிலிருந்து சென்றவர்கள். சோஜிலாப் போருக்கு அடுத்த மாதம், 1948 டிசம்பரில், குல்மார்க்கில் 19ஆம் காலாட்படை டிவிஷனின் ஸ்கீ பள்ளி தொடங்கப்பட்டது. அதற்குக் காரணமானவர் குடகைச் சேர்ந்த கே. எஸ். திம்மையா, பின்னாளில் தரைப்படைத் தளபதியானவர். அந்தப் பள்ளியே வளர்ந்து இன்று உயர்மலைப் போர்ப் பள்ளியாக உள்ளது.

படைவீரரின் ஸ்கீ, விளையாட்டு வீரரின் ஸ்கீயிலிருந்து வேறுபட்டது. முதுகில் சுமையும் துப்பாக்கியும் இருக்கும். பனியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அவருக்கு இல்லை. ரோந்துப் பாதையில் என்ன பனி கிடக்கிறதோ அதில்தான் போகவேண்டும். காலை ஓட்டுப்பனி, மதியம் ஈரம், மாலை பனிக்கட்டி. வேகத்தில் குறைந்தாலும் எதிலும் கைவிடாத கட்டைதான் அவருக்கு வேண்டும். பொதுவகை ஸ்கீ என்ற எண்ணத்தின் உண்மையான தேவை இங்கேதான் துலக்கமாகத் தெரிகிறது. 1978இல் அந்தப் பள்ளியின் தலைவராக இருந்த கர்னல் நரேந்திர குமார் சியாச்சின் பனியாற்றுக்குப் பயணக்குழு ஒன்றை நடத்திச் சென்றார், 1981இலும் சென்றார். அந்தப் பயணங்களில் கிடைத்த அறிவு 1984 ஏப்ரல் 13 அன்று தொடங்கிய மேக்தூத் நடவடிக்கைக்கு உதவியது. பனியாற்றில் மூடிக்கிடக்கும் வெடிப்புகளின்மேல் செல்லும்போது, எடையைப் பரப்பும் ஸ்கீ வேகத்தைவிட உயிரோடு தொடர்புடையது.

கட்டை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது ஒன்றுக்கு மருந்தாகாது. 2010 பிப்ரவரி 8 அன்று கிலன்மார்க்கில் பயிற்சியில் இருந்த குழுவைப் பனிச்சரிவு மூடியதில் 17 படைவீரர்கள் இறந்தனர். அவர்கள் பனியைத் தொழிலாகக் கற்றுக்கொண்டிருந்தவர்கள். பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை சாய்வுள்ள சரிவுகளிலிருந்து கிளம்புகின்றன. சறுக்குவோர் விரும்பித் தேடும் சாய்வும் அதுவே.

வளைவும் அகலமும்

குல்மார்க்கில் கோண்டோலா என்னும் கம்பிவட ஊர்தியின் முதல் கட்டம் 1998இலும், அஃபர்வத் தோள்வரை செல்லும் இரண்டாம் கட்டம் 2005இலும் திறக்கப்பட்டன. அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் உலகச் சந்தையில் ஸ்கீயின் உருவமே மாறியிருந்தது. இந்த மாற்றம் இரண்டு திசைகளில் நடந்தது.

முதல் திசை வளைவு. சுலோவேனியாவின் எலான் நிறுவனம் 1993இல் விற்பனைக்குக் கொண்டுவந்த எஸ்சிஎக்ஸ் என்ற ஸ்கீ, நூர்ஹைம் காலத்துப் பக்கவளைவை மிக ஆழமாக்கியது. இதன் விளைவைப் பள்ளி வடிவியலாலேயே கணக்கிடலாம். ஒரு வட்டவில்லின் நாணின் நீளத்தை வர்க்கப்படுத்தி, வில்லின் நடு ஆழத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் வட்டத்தின் ஆரம் ஏறத்தாழக் கிடைக்கும். பழைய ஸ்கீயில் பனியைத் தொடும் நீளம் 185 சென்டிமீட்டர், பக்கவளைவின் ஆழம் முக்கால் சென்டிமீட்டர் என்று கொண்டால் ஆரம் 57 மீட்டர். புதிய குட்டை ஸ்கீயில் நீளம் 145, ஆழம் 2.3 சென்டிமீட்டர் என்றால் ஆரம் 11 மீட்டர்தான். அதாவது கட்டையைச் சாய்த்து விளிம்பில் நின்றாலே அது தானாகச் சிறு வட்டம் போடும். பல ஆண்டுப் பயிற்சியில் வந்த திருப்பம், புதிதாகப் பழகுபவருக்குச் சில நாட்களிலேயே கைவந்தது. நீண்ட ஸ்கீ வைத்திருப்பதுதான் வீரம் என்ற பழைய பெருமையும் அத்தோடு போயிற்று.

இரண்டாம் திசை அகலம். ஆஸ்திரியாவின் அட்டாமிக் நிறுவனத்தில் ரூபர்ட் ஹூபர் 1988இல் பவுடர் பிளஸ் என்ற தடித்த ஸ்கீயைச் செய்தார். தூள்பனியில் அது மிதந்தது. தேர்ந்தவர்கள் முதலில் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். வயதானவர்களுக்கும் பழக்கமில்லாதவர்களுக்கும் ஆனது என்றார்கள். பிறகு அவர்களே அதற்கு மாறினார்கள். ஷேன் மெக்காங்கி என்ற வீரர் இன்னும் ஒரு படி போனார். ஆழ்ந்த தூள்பனி நிலத்தைவிடத் தண்ணீரைத்தான் ஒத்திருக்கிறது என்பது அவர் எண்ணம். நீர்ச்சறுக்குக் கட்டையை அலாஸ்காப் பனியில் மாட்டிப் பார்த்தார். அதன் விளைவாக வோலன்ட் நிறுவனம் 2002இல் வெளியிட்ட ஸ்பேச்சுலா எல்லா விதிகளையும் தலைகீழாக்கியது. நடு அகலம், முனை குறுகல். நடு தாழ்ந்து இரு முனைகளும் படகுபோல மேல்நோக்கி வளைந்திருக்கும். தூளில் அது அற்புதம். இறுகிய பாதைப்பனியில் ஏறக்குறையப் பயனற்றது. மெக்காங்கி அதை மறைக்கவில்லை.

இன்றைய பொதுவகை ஸ்கீ இந்த இரண்டு திசைகளுக்கும் நடுவில் செய்துகொண்ட சமரசம். முன்முனை மட்டும் படகுபோல நிமிர்ந்திருக்கும், தூளில் மூழ்காமல் இருக்க. காலுக்கடியில் பழைய முறைப்படி மேல்நோக்கிய வில் இருக்கும், கெட்டிப் பனியில் விளிம்பு முழுவதும் அழுந்த. இடை அகலம் 80 முதல் 100 மில்லிமீட்டர். பந்தயத்துக்கான ஸ்லாலம் ஸ்கீயின் இடை 65 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். தூள்பனிக்கென்றே செய்தவை 110ஐத் தாண்டும். இடை அகலமாக ஆக, விளிம்பு பாதத்தின் நடுவிலிருந்து விலகிப் போகிறது. கட்டையைச் சாய்க்கக் கூடுதல் விசை வேண்டும், முழங்காலுக்குப் பளு ஏறும். இடை குறுக, தூளில் மூழ்கும். எந்த நிறுவனமும் இந்தக் கணக்கிலிருந்து தப்பவில்லை. விளம்பரங்கள் மட்டும் தப்புகின்றன.

இடம் மாறிய பனி

1964இல் இன்ஸ்புருக்கில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் முதன்முதலாக இந்தியாவின் சார்பில் கலந்துகொண்டவர் ஜெரமி புஜாகோவ்ஸ்கி என்ற பனிச்சறுக்கு வீரர். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகச் சென்றவர், குல்மார்க்கின் அடிவாரமான தங்மார்க் பகுதியைச் சேர்ந்த ஆரிஃப் கான். அவருடைய தந்தை குல்மார்க்கில் ஸ்கீ கருவிகள் கடை நடத்தியவர். நான்கு வயதிலேயே மகன் கட்டையில் ஏறினார்.

ஆரிஃப் வளர்ந்தது இயற்கைத் தூள்பனியில். பெய்ஜிங்கின் மலைகளிலோ ஏறத்தாழ முழுவதும் இயந்திரம் தெளித்த செயற்கைப் பனி. தண்ணீரைச் சிறு துளிகளாகப் பீய்ச்சி உறையவைப்பதால் அதில் நட்சத்திர வடிவம் இல்லை. நுண்ணிய உருண்டைகள் நெருங்கி இறுகிக் கிடக்கும். அதில் ஓடுவது 30 மீட்டர் ஆரமுள்ள ஜயன்ட் ஸ்லாலம் ஸ்கீ. குல்மார்க்கின் மேல்சரிவுக்குச் சற்றும் பொருந்தாத கருவி. அதற்கான பயிற்சிக்கு அவர் ஐரோப்பாவுக்குப் போகவேண்டியிருந்தது. பிப்ரவரி 13 அன்று போட்டி நாளில் இன்னொரு வேடிக்கை நடந்தது. அந்தச் செயற்கைத் தளத்தின்மேல் உண்மைப் பனி கொட்டத் தொடங்கியது. எதிரே தெளிவாகத் தெரியவில்லை. கெட்டித் தளத்தின்மேல் மெல்லிய தூள். ஒரே ஓட்டத்தில் இரண்டு பனி. புறப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் போட்டியை முடிக்கவில்லை. ஆரிஃப் இரண்டு சுற்றுகளையும் முடித்து 45ஆம் இடம் பெற்றார். இடத்தைவிட முடித்ததுதான் அன்று கடினம்.

உத்தராகண்டின் அவுலியில் 2011இல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகள் நடந்தன; அங்கும் செயற்கைப் பனி இயந்திரங்கள் உண்டு. கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளின் முதல் பதிப்பு 2020இல் லே, குல்மார்க் ஆகிய இடங்களில் நடைபெற்றது.

குல்மார்க் வாடகைக் கடையில் ஸ்கீ எடுக்கும்போது உயரம், எடை, காலணி அளவு மூன்றையும் கேட்பார்கள். நான்காவதாக எங்கே சறுக்கப் போகிறார் என்பதும் முக்கியம். கீழே, கடைவீதிக்கு அருகிலுள்ள தட்டைச் சரிவில் பழகுபவருக்கு, ஏறக்குறைய அவர் முகவாய் உயரத்தில் நிற்கும் குட்டையான, இடை குறுகிய கட்டை போதும். கோண்டோலாவின் இரண்டாம் கட்டத்தில் ஏறி அஃபர்வத் சரிவில் இறங்குபவருக்கு அகலம் வேண்டும். கூடவே பனிச்சரிவில் புதைந்தால் இருப்பிடம் காட்டும் மின்கருவி, மண்வாரி, துழாவும் கம்பி, உள்ளூர் வழிகாட்டி எல்லாம் வேண்டும். மார்ச் மாத ஈரப்பனியில் அகலத்தைவிட அடியில் தடவும் மெழுகுதான் பேசும். மெழுகு தவறினால் கட்டை பசைபோட்டதுபோல ஒட்டி நிற்கும்.

கட்டை எதுவானாலும் பனி வேண்டும். 2024 ஜனவரியில் குல்மார்க்கின் சரிவுகள் பனியில்லாமல் பழுப்பாகக் கிடந்தன. சுற்றுலா வந்தவர்கள் காய்ந்த புல்லைப் படம் எடுத்துப் போனார்கள். வழிகாட்டிகளும் ஸ்லெட்ஜ் இழுப்பவர்களும் குதிரைக்காரர்களும் வேலையின்றி நின்றார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் நடக்கவிருந்த கேலோ இந்தியாப் போட்டிகள், போதிய பனி இல்லாததால் தள்ளிவைக்கப்பட்டு, 2025 மார்ச் 9ஆம் தேதி தொடங்கின. அதற்குள் குல்மார்க்கில் புதிய பனி விழுந்திருந்தது.